பாதி டேங்க்ல மட்டும் படபடக்கிற டீசல் பம்ப்

போன வாரம் கிராண்ட் பேல இருந்து ஒரு தம்பி வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாரு, 40 செகண்ட் இருக்கும், அதுல பேச்சுங்கிறது கடைசி அஞ்சாறு செகண்ட் தான், மீதி முழுக்க டக்டக்டக்டக்னு விடாம ஒரு சத்தம். "அண்ணே, இது எங்க பாய்மரப் படகோட டீசல் பம்ப், முன்னாடியெல்லாம் இப்படி அடிக்காது, எஞ்சினும் ஏத்தி ஏத்தி இறக்குது, பம்ப் போயிடுச்சா, புதுசு வாங்கச் சொல்லட்டுமா?"

தம்பி ராமநாதபுரம் பக்கம், மொரீஷியஸ் வந்து 3 வருஷமாச்சு, ஒரு வெளிநாட்டுக்காரரோட 11 மீட்டர் படகைப் பாத்துக்கிற வேலை. நானும் இந்தத் தீவுல எஞ்சின் வேலை பாக்குறவன்தான், அதனால எனக்கு முதல்ல தோணுனது ஒண்ணே ஒண்ணு, அவசரப்பட்டு ஆர்டர் போட்டுடக் கூடாது. இங்க ஒரு பம்ப் வேணும்னா கப்பல்லயோ விமானத்துலயோ வரணும், வர்ற வரைக்கும் படகு கட்டித்தான் கிடக்கும், வந்த பம்பை மாட்டினப்புறமும் அதே சத்தம் வந்தா அப்போ யாரைக் கேக்குறது? அந்த 40 செகண்டை நாலு தடவை போட்டுக் கேட்டேன். அதுலயே பாதி பதில் இருந்துச்சு. அந்த டக்டக்கை பம்போட புலம்பல்னு எடுத்துக்கக் கூடாது, நாடி பாக்குற மாதிரி எண்ணிப் பாக்கணும், எண்ணத் தெரிஞ்சா டேங்க்ல இருந்து எஞ்சின் வரைக்கும் எங்க கோளாறுன்னு அது சொல்லிடும்.

டீசல் எஞ்சின் எப்படி ஓடுதுன்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க, ஸ்பார்க் பிளக் கிடையாது, காத்தை இருபதுல ஒரு பங்கா அமுக்கினா 500 டிகிரிக்கு மேல சூடாகும், அந்தச் சூட்டுல டீசலைப் பீச்சினா தானா பத்திக்கும். படகுல டீசல் போற வழி: டேங்க், தண்ணியைப் பிரிக்கிற முதல் ஃபில்டர், ஃபீட் பம்ப், ரெண்டாவது ஃபில்டர், அப்புறம் ஹை பிரஷர் பம்ப், கடைசியா சிலிண்டருக்குள்ள டீசலைப் பீச்சுற நாசில். நாசில் திறக்க சின்ன எஞ்சின்ல 120ல இருந்து 200 பார் வரைக்கும் பிரஷர் வேணும், கார் டயர்ல இருக்கிறதே 2 பார் சொச்சம்தான். ஆனா நாம பேசுற ஃபீட் பம்ப் ரொம்பச் சாது, 0.2, 0.3 பார் குடுத்தா அதோட வேலை முடிஞ்சது, கீழ இருக்கிற டேங்க்ல இருந்து டீசலைத் தூக்கி மேல குடுக்கணும், அவ்வளவுதான்.

எனக்கு இந்த வேலையில ரொம்பப் பிடிச்ச பொருள் எதுன்னு கேட்டா இந்தக் குட்டி எலக்ட்ரிக் பம்பைத்தான் சொல்வேன். உள்ளங்கையில அடங்குற சதுரப் பெட்டி. உள்ள ஒரு பித்தளைக் குழாய், அதுக்குள்ள மேலயும் கீழயும் ஓடுற, நடுவுல துளை உள்ள ஒரு இரும்பு பிளஞ்சர், அதுக்கு அடியில ஒரு ஸ்பிரிங், குழாயைச் சுத்தி செம்புக் கம்பிக் காயில், ரெண்டு வால்வு, ஒண்ணு டீசல் உள்ள வர்ற வாசல்ல, இன்னொண்ணு பிளஞ்சர் மேலயே.

சாவியைப் போட்டதும் காயில் காந்தமாகி பிளஞ்சரைக் கீழ இழுக்கும், ஸ்பிரிங் அமுங்கும், அந்த நேரத்துல கீழ இருந்த டீசல் பிளஞ்சரோட துளை வழியா அதுக்கு மேல வந்துடும். கவனிங்க, இதுவரைக்கும் எஞ்சினுக்கு ஒரு சொட்டு கூடப் போகல, டேங்க்ல இருந்தும் ஒரு சொட்டு வரல. இப்போ கரண்ட் கட் ஆகும். அமுங்கி இருந்த ஸ்பிரிங் பிளஞ்சரை மேல தள்ளும், பிளஞ்சர் வால்வு மூடிக்கும், மேல இருக்கிற டீசல் எஞ்சின் பக்கம் போகும், அதே தள்ளுல கீழ வெற்றிடம் உண்டாகி டேங்க்ல இருந்து அடுத்த மடக்கு டீசல் உள்ள வரும். அதாவது டீசலைத் தள்ளுறதும் ஸ்பிரிங், உறிஞ்சுறதும் ஸ்பிரிங், கரண்டுக்கு ஸ்பிரிங்கை அமுக்கி வைக்கிற வேலை மட்டும்தான். கவட்டையில ரப்பரை இழுக்கிறது நம்ம கை, ஆனா கல்லை வீசுறது ரப்பர் இல்லையா, அதே கதை.

இதுல என்ன அழகுன்னா, இந்த பம்புக்கு பிரஷரை அளக்கிற மீட்டர் எதுவும் தேவையே இல்ல. எஞ்சின் பக்கம் டீசல் நிறைஞ்சு பிரஷர் ஏறிடுச்சுன்னா ஸ்பிரிங்கால தள்ள முடியாது, பிளஞ்சர் பாதி வழியில அப்படியே நிக்கும், எஞ்சின் கொஞ்சம் குடிக்க குடிக்க மெதுவா மேல ஏறும், ஏறி முடிச்சாத்தான் அடுத்த தடவை காயில்ல கரண்ட் பாயும், டக். ஸ்பிரிங்கோட முறுக்கு எவ்வளவோ அதுக்கு மேல பிரஷர் போகவே போகாது. நாம கேக்குற ஒவ்வொரு டக்கும் ஸ்பிரிங் ஒரு தடவை காலியாகி மறுபடி அமுக்கப்பட்ட சத்தம், எத்தனை டக்கோ அத்தனை மடக்கு. எந்தக் கம்ப்யூட்டரும் இல்லாம, ஒரு ஸ்பிரிங் தானே அளந்து, தானே நிறுத்தி, அதைச் சத்தமா நமக்கும் சொல்லுது. எத்தனை வருஷம் பாத்தாலும் எனக்கு இது அலுக்கல.

இப்போ எண்ணிப் பாக்கலாம். நல்லா இருக்கிற பம்ப், சாவி போட்டதும் கொஞ்ச நேரம் வேகமா அடிக்கும், ஃபில்டர் நிறைஞ்சதும் மெதுவாகிடும். மெதுவாகாம வேகமாவே அடிச்சுக்கிட்டு இருந்தா தள்ளுறதுக்கு எதிர்ப்பே இல்லைன்னு அர்த்தம், ஒண்ணு டேங்க் காலி, இல்ல எஞ்சின் பக்கம் எங்கயோ டீசல் ஒழுகுது, இல்ல உறிஞ்சுற பக்கம் காத்து வருது, இல்ல பம்ப் வால்வுல குப்பை மாட்டி மூடாம இருக்கு. மெதுவா அடிக்குதேன்னு சந்தோஷப்படவும் முடியாது, ஏன்னா உறிஞ்சுறதும் அதே ஸ்பிரிங்தான்னு சொன்னேன்ல, டேங்க் பக்கம் ஃபில்டர் அடைச்சிருந்தாலும் ஸ்பிரிங் திணறும், சத்தம் அதே மாதிரி மெதுவா வரும். ரெண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கு, ரெண்டாவது ஃபில்டர் மேல, உள்ள மாட்டுன காத்தை வெளியேத்துறதுக்குன்னு இருக்கிற ஏர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திறங்க, பம்ப் படபடன்னு வேகம் பிடிச்சு டீசலும் வந்தா எல்லாம் நலம், திறந்தும் மெதுவாவே அடிச்சா அடைப்பு உறிஞ்சுற பக்கம். சத்தமே வரலையா, அது கரண்ட் கோளாறு, கடல் காத்துல எர்த் வயர் பச்சை பூத்துப் போயிருக்கும், பம்ப் போட்டிருக்கும்போதே மல்டிமீட்டர் வச்சு 12 வோல்ட் வந்து சேருதான்னு பாருங்க. டக்டக்னு இல்லாம ங்ங்ங்னு ரீங்காரம் போடுற ரோட்டரி பம்ப்னா இந்தக் கணக்கு எதுவும் செல்லாது, அது வேற சாதி.

சத்தம் எவ்வளவு பெருசுங்கிறதை வச்சு எதுவும் முடிவு பண்ணாதீங்க. இங்க மொரீஷியஸ்ல சேகா ஆட்டத்துக்கு அடிக்கிற ரவான் மேளம் பாத்திருப்பீங்க, ஆட்டுத்தோலைத் தீயில காட்டி விறைப்பாக்கிட்டு அடிச்சா எங்கயோ கேக்கும். படகுல பிளைவுட் தடுப்பும் அப்படித்தான், அதுல பம்பை நேரா ஸ்க்ரூ வச்சு முறுக்கிட்டா பலகை முழுக்க பறையா மாறிடும், ராத்திரி படுக்கவே முடியாது, நடுவுல ரப்பர் வாஷர் குடுத்தாப் போதும். எத்தனை தடவை அடிக்குதுங்கிறதுதான் சேதி.

சரி, தம்பி கதைக்கு வருவோம். அவரோடது வேகமா அடிக்கிற கேஸ். ஃபோன்ல கேட்டேன், டேங்க்ல எவ்வளவு இருக்கு தம்பின்னு. "பாதிக்குக் கீழண்ணே." ஃபுல்லா இருந்தப்போ? கொஞ்சம் யோசிச்சாரு. "அப்போ சத்தம் மெதுவாத்தான் இருந்துச்சு, போன மாசம் நிரப்பினப்போ சரியாயிடுச்சுன்னே நினைச்சேன்." இதைக் கேட்டதும் எனக்கு உக்கார முடியல, ஞாயித்துக்கிழமை கிளம்பிப் போயிட்டேன்.

முதல் ஃபில்டருக்கு முன்னாடி ஒரு முழம் அளவுக்கு, உள்ள தெரியிற பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டி பம்பைப் போட்டோம். ரெண்டு நிமிஷம் வெறும் டீசல், தேன் கலர்ல ஓடுது. அப்புறம் ஒரு குமிழ். அப்புறம் மாலை கோத்த மாதிரி வரிசையா குமிழ்கள், ஒவ்வொண்ணும் கடுகளவு. குமிழ் வர ஆரம்பிச்சதும் டக்டக் வேகம் பிடிக்குது, கண்ணும் காதும் ஒரே விஷயத்தைச் சொல்லுது. ஃபில்டருக்கு முன்னாடியே காத்து வந்தாச்சு, அதனால ஃபில்டர் மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தை, ஓ ரிங்கை, சந்தேகப்பட வேண்டாம். அடுத்து டேங்க்ல இருந்து வர்ற ஹோஸை டேங்க் முனையில கழட்டி ஒரு டீசல் கேன்ல முக்கினோம், குமிழ் நின்னுச்சு, பம்ப் மெதுவாச்சு. அப்போ ஹோஸும் சுத்தம், மிச்சம் இருக்கிறது டேங்குக்குள்ள தொங்குற உறிஞ்சு குழாய் மட்டும்தான்.

அதை உருவி எடுத்தா, பாதி உயரத்துல, பிடிமானக் கிளாம்ப் உரசின இடத்துல, ஊசிமுனை அளவுக்கு ஒரு ஓட்டை. டேங்க் பாதிக்கு மேல இருந்தா அந்த ஓட்டை டீசலுக்குள்ள முழுகி இருக்கும், அது வழியாவும் டீசல்தான் வரும், யாருக்கும் தெரியாது. மட்டம் கீழ இறங்கினதும் ஓட்டை வெளிய வந்துடும். அந்தக் குழாய்க்குள்ள பிரஷர் வெளிக்காத்தை விடக் கம்மி, அரை மீட்டர் உயரம் டீசலைத் தூக்கினாலே 0.04 பார் குறையும், அது போதும் காத்து உள்ள நுழைய. உறிஞ்சுற பக்கத்துல ஓட்டை இருந்தா டீசல் வெளிய ஒழுகாதுங்கிறதைத்தான் நிறைய பேர் மறந்துடுறாங்க, கீழ ஈரமே இல்லையே, லீக் இல்லன்னு விட்டுடுவாங்க. லீக் இருக்கு, உள்பக்கமா ஒழுகுது.

கடுகளவு குமிழுக்கு எஞ்சின் ஏன் இப்படித் தடுமாறணும்? 30 குதிரை சக்தி, 3 சிலிண்டர் எஞ்சின் முழு வேகத்துல மணிக்கு சுமாரா ஆறரை லிட்டர் குடிக்கும். 3600 ஆர்.பி.எம்ல ஒரு மணி நேரத்துல 3,24,000 தடவை பீச்சணும். வகுத்துப் பாருங்க, ஒரு தடவைக்கு 20 கன மில்லிமீட்டர், ஒரு தண்ணிச் சொட்டுல பாதி கூட இல்ல. ஐடில்ல, அதாவது எஞ்சின் சும்மா ஓடும்போது, அதுலயும் ரொம்பக் கம்மி. 2 மில்லிமீட்டர் குமிழோட கன அளவே 4 கன மில்லிமீட்டர். டீசல் அமுங்காது, தள்ளின உடனே பிரஷர் எகிறும், காத்து பஞ்சு மாதிரி அமுங்கிக்கிட்டே போகும், ஹை பிரஷர் பம்ப் தள்ளுற தள்ளெல்லாம் குமிழை அமுக்குறதுலயே போயிடும், நாசில் திறக்காது, அந்த சிலிண்டர் ஒரு தடவை சும்மா இருக்கும். எஞ்சின் இறங்கும், வேகத்தைச் சீரா வைக்கிற கவர்னர் பயந்து டீசலைக் கூட்டும், குமிழ் போனதும் எகிறும். அதுதான் ஏத்தி இறக்குறது.

ஃபில்டர் கிண்ணத்தைத் திறந்தப்போ அடியில தண்ணி, தண்ணிக்கும் டீசலுக்கும் நடுவுல கறுப்பா வழவழன்னு ஒரு ஏடு. அமார்ஃபோதீக்கா ரெசினேன்னு ஒரு பூஞ்சை, தண்ணியில குடியிருந்து டீசலைத் தின்னு வளரும், நம்ம தீவு மாதிரி வெக்கையும் ஈரமும் உள்ள இடம்னா அதுக்குக் கொண்டாட்டம். இது இன்னும் ஃபில்டரை அடைக்கல, விட்டிருந்தா அடுத்த மாசம் அடைச்சிருக்கும். வெப்பமான துறைமுகங்கள்ல டீசல் டேங்க்ல என்னென்ன வளருது, எவ்வளவு வேகமா வளருதுன்னு இங்கயே உக்காந்து அளக்கிறதுக்கு அரசாங்கம் காசு ஒதுக்கணும்னு நான் பாக்குறவங்க கிட்டயெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்கேன், மீன்பிடிப் படகுல இருந்து ஜெனரேட்டர் வரைக்கும் டீசலை நம்பி இருக்கிற தீவுக்கு இது ஆடம்பர ஆராய்ச்சி கிடையாது.

இன்னொண்ணும் அந்த லைன்ல இருந்துச்சு, டீசலைச் "சீராக்குற" காந்தம்னு யாரோ வித்தது, ஹோஸ் மேல மாட்டியிருந்தாங்க. கழட்டச் சொன்னேன். டீசல் இரும்பு இல்ல, ஹைட்ரோகார்பன், காந்தம் அதை ஒண்ணும் செய்யாது, அந்தக் காசுக்கு ரெண்டு நல்ல ஃபில்டர் வரும். எஞ்சின் ரூம் வாசல்ல எலுமிச்சையும் மிளகாயும் கட்டியிருந்துச்சு, படகுக்குக் கண்ணு பட்டுடுச்சுன்னு தம்பி நினைச்சிருக்காரு. அதைக் கழட்டச் சொல்லல. தைப்பூசத்துக்கு நானும் பால்குடம் எடுக்கிறவன், சாமி கிட்ட வேண்டிக்கிறதுக்கு எவ்வளவோ இருக்கு, உறிஞ்சு குழாயில ஓட்டை இருக்கான்னு பாக்க முருகன் நமக்குக் கண்ணும் கையும் குடுத்திருக்காரு, அதைப் பாக்காம விட்டுட்டு நடுக்கடல்ல எஞ்சின் நின்னா தப்பு கண்ணேறு மேல இல்ல.

எலக்ட்ரிக் பம்ப் இல்லாம எஞ்சின் சுத்துறதை வச்சே ஓடுற டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) பம்ப் இருக்கிறவங்க சத்தத்தை விட, ஆயில் மட்டம் பாக்குற டிப் ஸ்டிக்கைப் பாருங்க. டயாஃப்ரம் கிழிஞ்சா டீசல் எஞ்சின் ஆயில்ல கலக்கலாம், ஆயில் மட்டம் குறையாம ஏறும், முகர்ந்தா டீசல் வாடை வரும். அப்படி இருந்தா ஸ்டார்ட் பண்ணவே வேண்டாம்.

குழாயை மாத்தி, ஏர் எடுக்கும்போது ஸ்க்ரூ அடியில டப்பாவும் துணியும் வச்சோம், ஒரு சொட்டு கீழ விடல. அடியில விழுந்தா அது, படகோட அடியில சேர்ற தண்ணியை இறைக்கிற பில்ஜ் பம்ப் வழியா கடலுக்குத்தான் போகும். 2020 ஆகஸ்ட்ல வாகாஷியோ கப்பல் எண்ணெய் மாஹெபூர் கரையில ஒதுங்கினப்போ கரும்புத் தோகையைத் துணியில அடைச்சு மிதவை தைச்சுப் போட்ட ஊரு இது.

நேத்து ராத்திரி தம்பி இன்னொரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாரு. டேங்க் கால்வாசிதான் இருக்காம். சாவி போட்டதும் படபடன்னு கொஞ்சம், அப்புறம் டக்... டக்... டக். நல்லா இருக்கும்போது பம்ப் எப்படி அடிக்குதுன்னு அவர் ஃபோன்ல இப்போ ஒரு ரெக்கார்டு இருக்கு, தேதி போட்டு வச்சுக்கச் சொல்லியிருக்கேன்.