அன்லாக்: திறப்பதா, அவிழ்ப்பதா?

டெக்சாஸில் இருக்கும் அத்தை பையன் போன முறை ஊருக்கு வந்தபோது தன் பழைய கைபேசியை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனான். நல்ல கைபேசிதான், ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அம்மாவின் சிம்மைப் போட்டால் இந்த சிம் செல்லாது என்று திரையில் வந்து நிற்கிறது. கடைத்தெருவில் காட்டினால், "இது கன்ட்ரி லாக் சார், லாக்கை உடைக்கணும்" என்றார் கடைக்காரர். அத்தை பையனைக் கேட்டால், "தவணை இன்னும் முடியல, முடிஞ்சாத்தான் அன்லாக் பண்ணித் தருவாங்க" என்கிறான். தமிழில் கணினி விஷயங்களை எழுதும் நண்பர் ஒருவரோ, "பூட்டுத் திறத்தல்னு எழுதுங்க, போதும்" என்று முடித்துவிட்டார்.

ஒரே காரியத்துக்கு மூன்று சொல். உடைப்பது, அன்லாக் பண்ணுவது, திறப்பது. மூன்றும் ஒன்றல்ல என்பதுதான் என் கட்சி. உடைப்பது என்றால் திருட்டு வாடை வந்துவிடுகிறது. திறப்பது என்றால் நாம் தினமும் நூறு தடவை விரலை வைத்துத் திரையைத் திறக்கிறோமே, அதோடு போய்க் குழம்புகிறது. அமெரிக்காவில் இந்தக் காரியம் குற்றமா உரிமையா என்று பல வருடம் இழுத்தடித்ததற்கும் பாதிக் காரணம், அதை எந்த வினைச்சொல்லில் போட்டுப் பார்த்தார்கள் என்பதுதான்.

முதலில் விஷயம் என்னவென்று பார்த்துவிடலாம். ஒவ்வொரு சிம் அட்டைக்குள்ளும் ஓர் எண் இருக்கிறது. அதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413, அமெரிக்காவுக்கு 310 தொடங்கிச் சில. அடுத்து வரும் இரண்டு மூன்று இலக்கம் எந்த நிறுவனத்தின் வலையமைப்பு என்று சொல்லும். பூட்டிய கைபேசி சிம்மைப் படித்ததும் இந்த இலக்கங்களைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிடும். பொருந்தினால் உள்ளே விடும், இல்லையென்றால் கைவிரித்துவிடும். அவ்வளவுதான். கைபேசியின் வன்பொருளில் எந்தக் குறையும் இல்லை, அலைவரிசை பிடிக்காமலும் இல்லை. வேறு கம்பெனிக்காரன் சிம் என்பது மட்டுமே காரணம். பழைய நோக்கியாக்களில் கைபேசியின் 15 இலக்க அடையாள எண்ணை வைத்தே (ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடித்தால் வருமே, அது) விடுவிப்புக் குறியீட்டைக் கணக்கிட்டுக் கொடுக்கும் மென்பொருள்கள் சுற்றிக்கொண்டிருந்தன. இப்போது ஐஃபோன் மாதிரியானவற்றில் பூட்டு இருக்கிறதா இல்லையா என்ற விவரமே தயாரிப்பாளரின் சர்வரில் இருக்கிறது. சேவை நிறுவனம் சரி என்று சொன்னால்தான் அங்கே மாறும். கடைக்காரர் உடைக்கிறேன் என்று சொன்னாலும் உடைக்க அவர் கையில் எதுவும் இல்லை.

ஜெயில்பிரேக், ரூட் இதெல்லாம் வேறு. அவை கைபேசியின் இயங்குதளத்தில் தயாரிப்பாளர் போட்ட கட்டுப்பாட்டை எடுப்பது. இங்கே பேசுவது சிம் பூட்டு மட்டும்.

திண்டுக்கல்லில் பூட்டு வாங்கினால் சாவியையும் சேர்த்துத்தான் தருவார்கள். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூட்டு, அதன் பெருமையே சாவியில்தான் இருக்கிறது. இங்கே பொருளை வாங்கியவர் நாம், பூட்டு நம் பொருளின்மேல், சாவி மட்டும் விற்றவரிடம். அமெரிக்க நிறுவனங்கள் இதற்குச் சொன்ன நியாயம் ஒன்று உண்டு: 600 டாலர் கைபேசியை இரண்டு வருட ஒப்பந்தத்தோடு 200 டாலருக்குக் கொடுக்கிறோம், மீதியை மாதக் கட்டணத்தில் எடுக்கிறோம், நடுவில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டால் எங்களுக்கு நட்டமில்லையா என்று. நியாயம்தான். ஆனால் அதற்குத்தான் ஒப்பந்தம் இருக்கிறதே, நடுவில் விலகினால் அபராதம் இருக்கிறதே, அப்புறம் எதற்குப் பூட்டு? கடனை அடைத்த பிறகும் அடகுச் சீட்டைத் திருப்பித் தராத கதை இது.

இதில் பதிப்புரிமை எங்கே வந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆச்சரியம். 1998இல் அமெரிக்கா டிஎம்சிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. படம், பாட்டு, மென்பொருள் இவற்றைத் திருட்டுப் பிரதி எடுக்காமலிருக்கப் போடும் மின்னணுக் காப்பை யாரும் தாண்டக் கூடாது என்பது அதன் 1201ஆம் பிரிவு. கைபேசிக்குள்ளும் ஒரு மென்பொருள் இருக்கிறது, அதுவும் பதிப்புரிமை உள்ள படைப்புதான், சிம் பூட்டு அதற்குப் போட்ட காப்பு என்று வாதம் போயிற்று. ஆக, சிம் மாற்றுவது புத்தகத் திருட்டின் பங்காளி ஆகிவிட்டது. வணிக லாபத்துக்காக இப்படிச் செய்தால் முதல் தடவைக்கே 5 வருடம் வரை சிறை, 5 லட்சம் டாலர் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது; சொந்தத்துக்குச் செய்தாலும் ஒவ்வொரு செயலுக்கும் 200 முதல் 2,500 டாலர் வரை இழப்பீடு கேட்டு சிவில் வழக்குப் போடலாம்.

இந்தச் சட்டத்திலேயே ஒரு சந்து வைத்திருந்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை, அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் தலைவர் சில காரியங்களுக்கு விலக்கு தரலாம். அமெரிக்காவின் பதிப்புரிமை அலுவலகம் அந்த நூலகத்தின் கீழ்தான் இருக்கிறது, அதனால் இந்த ஏற்பாடு. கன்னிமாரா நூலகத்தின் நூலகர் நம் கைபேசியில் எந்த சிம் போடலாம் என்று தீர்ப்புச் சொன்னால் எப்படி இருக்கும், அப்படித்தான். பழைய கைபேசிகளை வாங்கி மறுபடி விற்கும் ஒரு நிறுவனம் கேட்டதன்பேரில் 2006இல் சிம் பூட்டை விடுவிக்க இந்த விலக்கு முதன்முதலாகக் கிடைத்தது. அந்த மனுவை நடத்தியவர் ஜெனிஃபர் கிரானிக் என்ற வழக்கறிஞர். 2007இல் ஐஃபோன் வந்து, ஏடி அண்டு டி வலையமைப்புக்கு மட்டும் என்று பூட்டி விற்றபோது, ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயதுப் பையன் இரண்டே மாதத்தில் அதை விடுவித்து, விடுவித்த கைபேசிக்கு மாற்றாக ஒரு நிஸான் காரும் மூன்று புது ஐஃபோன்களும் வாங்கிக்கொண்ட கதை அப்போது உலகமெல்லாம் ஓடியது.

2010இல் விலக்கு நீண்டது. 2012 அக்டோபரில்தான் கெட்டது. 2013 ஜனவரி 26க்குப் பிறகு வாங்கும் புதுக் கைபேசிகளுக்கு விலக்கு இல்லை என்று நூலகத் தலைவர் ஜேம்ஸ் பில்லிங்டன் சொல்லிவிட்டார். சந்தையில் பூட்டாத கைபேசிகளே நிறையக் கிடைக்கின்றனவே என்பது ஒரு காரணம். இன்னொன்று இன்னும் நுணுக்கமானது: கைபேசி உங்களுடையதுதான், ஆனால் உள்ளே இருக்கும் மென்பொருளுக்கு நீங்கள் உடைமையாளரா, அல்லது பயன்படுத்த உரிமம் மட்டும் பெற்றவரா? வீட்டை விற்றுவிட்டேன், சுவருக்கு அடித்த சுண்ணாம்பு மட்டும் என்னுடையது என்று சொல்வது மாதிரி.

சினா கனிஃபர் என்பவர் கல்லூரி நாட்களில் மோட்டோரோலா கைபேசிகளை விடுவிக்கும் மென்பொருளை விற்று அந்த நிறுவனத்திடம் வக்கீல் நோட்டீஸ் வாங்கியவர். அப்போது அவருக்கு உதவியவரும் மேலே சொன்ன கிரானிக்தான். விலக்கு போனதும் கனிஃபர் வெள்ளை மாளிகையின் மனுத் தளத்தில் ஒரு மனுவைப் போட்டார். 30 நாளில் ஒரு லட்சம் கையெழுத்து வேண்டும், 1,14,000க்கு மேல் வந்தது. 2013 மார்ச்சில் ஒபாமா அரசு மனுதாரர்கள் பக்கம்தான் நிற்கிறோம் என்று பதில் சொன்னது. 2014 ஆகஸ்ட் 1 அன்று ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் பழைய விலக்கைத் திரும்பக் கொண்டுவந்தது. சொந்தக்காரர் தானே செய்யத் தெரியாவிட்டால் இன்னொருவரிடம் கொடுத்துச் செய்துகொள்ளலாம் என்றும் சேர்த்தது. ஆனால் மூன்று வருடக் கணக்கு அப்படியே இருக்கிறது, விடுவிக்கும் கருவியைச் செய்து விற்பதற்கான தடையும் அப்படியே இருக்கிறது. முடிச்சை அவிழ்க்கலாம், ஊசி விற்கக் கூடாது. சேவை நிறுவனம் கட்டாயம் விடுவித்துத் தர வேண்டும் என்றும் அந்தச் சட்டம் சொல்லவில்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கில லாக் பழைய ஆங்கிலத்திலிருந்தே இருக்கும் சொல். தாழ்ப்பாள் என்றும், அடைத்த இடம் என்றும் அதற்குப் பொருள் இருந்தது. ஜெர்மனில் அதன் உறவுச்சொல்லுக்குப் பொந்து, ஓட்டை என்று பொருள். ஆக, அதன் அடியில் இருப்பது ஓர் இடத்தை அடைப்பது. முன்னால் நிற்கும் அன் என்பது இல்லை என்று மறுக்கும் அன் அல்ல, செய்ததைத் திருப்பிச் செய்யும் அன். எனவே அன்லாக் என்றதும் ஆங்கிலம் பேசுபவரின் மனத்தில் வருவது ஒரு மூடிய அறை, அதைத் திறந்து உள்ளே போவது. உள்ளே போனால் என்ன எடுக்கப் போகிறான் என்ற சந்தேகம் தானாக வரும். பதிப்புரிமைச் சட்டத்துக்கு வாகான உருவகம் இது.

தமிழில் பூட்டு அப்படிப் பிறக்கவில்லை. காண் – காட்டு, உண் – ஊட்டு மாதிரி பூண் – பூட்டு. பூண்பது தான் அணிந்துகொள்வது, பூட்டுவது இன்னொன்றுக்கு அணிவிப்பது. உலக்கைக்குப் பூண், நகை பூண்பது, வேடம் பூண்பது எல்லாம் ஒரு குடும்பம். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம், கைக்கு விலங்கு பூட்டுகிறோம், சித்திரையில் பொன்னேர் பூட்டுகிறோம். எதிலும் கதவு இல்லை. ஒன்றை இன்னொன்றோடு பிணைப்பதுதான் பூட்டு. கதவுக்குப் போடும் பூட்டு அதன் ஒரு கிளைப் பொருள். கதவுக்குத் தாழ், திறவுகோல் என்று தனிச் சொற்களே இருக்கின்றன. சாவிதான் போர்ச்சுக்கீசியரிடம் வாங்கியது.

சிம் பூட்டு எதைப் போல? கதவைப் போலவா, ஏரைப் போலவா? கைபேசிக்குள் நாம் ஏற்கெனவே இருக்கிறோம், படம் எடுக்கிறோம், விளையாடுகிறோம், வைஃபையில் பேசுகிறோம். உள்ளே போக எந்தத் தடையும் இல்லை. அது ஒரே ஒரு வண்டியோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, அதுதான் சிக்கல். வண்டியில் பூட்டிய மாட்டை யாரும் திறக்க மாட்டார்கள், அவிழ்ப்பார்கள். மாடு உங்களுடையதாக இருந்தால் அவிழ்ப்பதில் என்ன குற்றம்? ஆகவே அன்லாக் என்பதற்குத் திறத்தல் வேண்டாம், உடைத்தல் வேண்டவே வேண்டாம், பூட்டவிழ்ப்பு என்று வைப்போம். வினையாக, பூட்டவிழ்த்தல். திரைக்குத் திறத்தல் அப்படியே இருக்கட்டும், அங்கே உண்மையிலேயே கதவுதான் இருக்கிறது.

அமெரிக்கச் சட்டத்தில் வரும் வினைச்சொல் சர்கம்வென்ட். லத்தீனில் சுற்றி வருவது. மறைத்ததைப் பிரிப்பது, தவிர்ப்பது, நீக்குவது, செயலிழக்க வைப்பது என எல்லாவற்றையும் அதற்குள் போட்டு அடைத்திருக்கிறார்கள். ஏய்த்தல் என்று எழுதினால் உள்நோக்கத்தையும் சேர்த்துவிடுகிறோம், அது தவறு. காப்புத் தாண்டல் போதும். இந்த உள்நோக்கம்தான் இந்தியச் சட்டத்துக்கும் அமெரிக்கச் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். 2012இல் நம் பதிப்புரிமைச் சட்டத்தில் சேர்த்த 65ஏ பிரிவும் காப்புத் தாண்டலுக்கு 2 வருடம் வரை சிறை என்கிறது, ஆனால் பதிப்புரிமையை மீறும் எண்ணத்தோடு தாண்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போடுகிறது. வேறு சிம் போட்டுப் பேசும் எண்ணம் அதில் சிக்காது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆங்கிலத்தில் அன்லாக்டு ஃபோன் என்றால் பூட்டியிருந்து பிறகு விடுவித்ததா, கடையிலிருந்து வரும்போதே பூட்டில்லாமல் வந்ததா என்று தெரியாது. அதைச் சொல்ல முன்னால் ஃபேக்டரி என்று ஒரு சொல்லைச் சேர்க்கிறார்கள். தமிழில் பூட்டவிழ்த்த கைபேசி வேறு, பூட்டாக் கைபேசி வேறு. சட்டங்களையும் இந்த இரண்டு சொல்லில் பிரித்துவிடலாம். 2014இல் அமெரிக்கா தந்தது பூட்டவிழ்க்கும் அனுமதி. கனடாவில் இதற்கு 50 டாலர் அளவில் கட்டணம் வாங்கிக்கொண்டிருந்தார்கள், டொராண்டோவில் இருக்கும் நம்மவர்கள் பலர் கட்டியிருப்பார்கள். 2017 டிசம்பர் 1 முதல் அங்கே விற்பதே பூட்டாக் கைபேசியாக இருக்க வேண்டும், பழையதைக் கேட்டால் இலவசமாக அவிழ்த்துத் தர வேண்டும். பிரிட்டனும் 2021 டிசம்பரில் பூட்டிய கைபேசியை விற்பதையே தடை செய்துவிட்டது. அம்மாவின் கையில் இருப்பது இன்னும் பூட்டிய கைபேசி. வைஃபையில் பேரனோடு பேசுகிறார், வெளியே கிளம்பும்போது பழைய பட்டன் கைபேசியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறார்.