ஹை ரிஸ்க் கர்ப்பம்: படுக்கையைவிட பி.பி. கருவிதான் முக்கியம்

'ஹை ரிஸ்க்' என்று மருத்துவர் சொல்லிவிட்டால், பல வீடுகளில் கர்ப்பிணியைக் கட்டிலோடு கட்டிப்போட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் இதனால் பலன் இல்லை. கர்ப்ப காலத்தில் ரத்தம் இயல்பாகவே எளிதில் உறையும். நாள்கணக்கில் அசையாமல் படுத்திருந்தால் கால்களில் ரத்தக்கட்டி உருவாகும் ஆபத்து இன்னும் கூடும். மருத்துவர் குறிப்பாகத் தடுக்காதவரை நடமாடலாம். ரத்த அழுத்தத்தை (பி.பி.) அடிக்கடி அளந்து பார்ப்பதும், அளவு மாறினால் அன்றே மருத்துவமனைக்குப் போவதும்தான் தேவை.

இரட்டைக் குழந்தை, ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, தைராய்டு, இதய நோய், கடுமையான ரத்தசோகை, முந்தைய சிசேரியன், கருப்பையின் கீழ்ப்பகுதியில் அமைந்த நஞ்சு (பிளசென்டா) எனக் காரணங்கள் பல. சத்தமில்லாமல் முற்றுவது ரத்த அழுத்தம். 20 வாரத்துக்குப் பிறகு புதிதாக 140/90 அல்லது அதற்கு மேல் ஏறி, சிறுநீரில் புரதமும் போனால் அது முன்சூல்வலிப்பு, அதாவது ப்ரீஎக்லாம்ப்சியா. புரதம் இல்லாவிட்டாலும் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்தாலோ, கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகள் மாறினாலோ அதுவும் இதே நோய்தான். வேர் நஞ்சுக்கொடியில் இருக்கிறது. கருப்பையின் ரத்தக் குழாய்கள் தொடக்க மாதங்களில் போதிய அளவு விரியாததால் நஞ்சுக்கு ரத்தம் குறைகிறது. அங்கிருந்து வெளியாகும் பொருட்கள் தாயின் உடல் முழுவதும் ரத்தக் குழாய்களைப் பாதிக்கின்றன. உப்பைக் குறைத்தாலோ, ஓய்வெடுத்தாலோ இது குணமாகாது.

முன்பு இந்த நோய் வந்தவர்கள், நாள்பட்ட பி.பி., சர்க்கரை அல்லது சிறுநீரக நோய் உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள் ஆகியோருக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரின் பரிந்துரைக்கப்படும். 75 முதல் 150 மில்லிகிராம், இரவில் ஒன்று. 12 வாரத்தில் தொடங்குவது நல்லது. 16 வாரத்தைத் தாண்டினால் பலன் குறையும். அதனால்தான் முதல் செக்கப்பை மூன்றாம் மாதம் முடிவதற்குள் வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். கர்ப்பத்துக்கு முன்பே எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டான் போன்ற பி.பி. மாத்திரைகள் சாப்பிட்டு வந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லி மாற்ற வேண்டும். லபெட்டலால், நிஃபெடிபின், மெதில்டோபா ஆகியவை கர்ப்பத்தில் வழக்கமாகத் தரப்படுபவை. 'குழந்தைக்கு ஆகாது' என்று தானாக நிறுத்துவதில்தான் ஆபத்து.

வீட்டில் அளக்கும்போது தவறுவது பெரும்பாலும் கருவி அல்ல, உட்காரும் விதம். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகைச் சாய்த்து, இரண்டு பாதங்களும் தரையில் படும்படி ஐந்து நிமிடம் பேசாமல் உட்காருங்கள். மேல்கையில் சுற்றும் பட்டை இதயத்தின் உயரத்தில் இருக்கட்டும். பருமனான கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடுதலாகக் காட்டும். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி மேலே இருக்கும் வலக்கையில் அளந்தால் குறைவாகக் காட்டும். கை இதயத்தைவிட உயரத்தில் இருப்பதே காரணம். '150 இருந்தது, படுத்ததும் 130 ஆயிடுச்சு' என்று நிம்மதி அடைபவர்கள் பெரும்பாலும் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் தேதி, நேரத்தோடு எழுதி வையுங்கள்.

140/90 வந்தால் அன்றே மருத்துவரிடம் பேசுங்கள். 160/110 வந்தால் பதினைந்து நிமிடத்தில் மறுபடி அளந்து, குறையவில்லை என்றால் உடனே கிளம்புங்கள். பக்கவாதம் வரை போகக்கூடிய அளவு அது. விடாத தலைவலி, கண் மங்கல் அல்லது மின்னல்போலத் தெரிவது, மேல்வயிற்றில் அல்லது வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி, மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் கருவி என்ன காட்டினாலும் போக வேண்டியதுதான். அந்த மேல்வயிற்று வலியை 'கேஸ்' என்று மாத்திரை போட்டு இரவைக் கடத்துகிறார்கள். அது கல்லீரல் வீங்குவதன் வலியாக இருக்கலாம்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு இலக்கு எளிது: வெறும் வயிற்றில் 95-க்குக் கீழ், சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் 120-க்குக் கீழ். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புச்சத்து மாத்திரைக்கும் நான்கு மணி நேர இடைவெளி விடுங்கள். நஞ்சு கீழே இருப்பதாக ஐந்தாம் மாத ஸ்கேனில் வந்தால் பதற வேண்டாம், பெரும்பாலும் மேலே ஏறிவிடும். 32 வாரத்தில் மறுபடி பார்ப்பார்கள். இடையில் வலியில்லாமல் ரத்தம் பட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

குழந்தையின் அசைவை 28 வாரத்திலிருந்து கவனியுங்கள். குறைந்ததாகத் தோன்றினால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து எண்ணுங்கள். இரண்டு மணி நேரத்தில் பத்து அசைவு வராவிட்டால் அப்போதே கிளம்புங்கள். பத்து வந்தும் வழக்கத்துக்கு மாறாகத் தோன்றினாலும் அதே. மாதம் நெருங்கினால் அசைவு குறையும் என்பது தவறு. உதையின் தன்மை மாறலாம், எண்ணிக்கை குறையக்கூடாது.

பிரசவமானதும் பி.பி. கருவியை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அழுத்தம் அதிகமாக ஏறுவது பெரும்பாலும் பிரசவமான மூன்றாவது முதல் ஆறாவது நாளில், அதாவது வீட்டுக்கு வந்த பிறகு. வலிப்பும் அப்போது வரலாம். முதுகில் போட்ட ஊசியால் வந்த தலைவலி என்று வீட்டிலேயே முடிவு கட்டாமல் முதலில் பி.பி. பாருங்கள். மாத்திரையை மருத்துவர் குறைக்கும் வேகத்தில்தான் குறைக்க வேண்டும். தாய்ப்பால் தரும்போது சாப்பிடக்கூடியவற்றைத்தான் எழுதித் தருவார்கள். ஆறு வாரம் கழித்து பி.பி.யோடு சிறுநீர்ப் புரதத்தையும் பரிசோதியுங்கள். அப்போதும் புரதம் போனால் சிறுநீரக மருத்துவரைப் பார்க்க வேண்டும்.