வெற்றி விழாக் கூட்டம்: இரண்டு தோளும் இடிபட்டால் கிளம்பிவிடுங்கள்

2025 ஜூன் 3 இரவு, 18 வருடம் காத்திருந்த பெங்களூரு கிரிக்கெட் அணியான ஆர்சிபி ஐபிஎல் கோப்பையை வென்றது. மறுநாள் மாலை பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்கு வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் காயம். சுமார் 35,000 பேர் உட்காரக்கூடிய மைதானத்தைச் சுற்றி லட்சக்கணக்கில் கூடியிருந்தார்கள். வாசலில் உயிர் போய்க்கொண்டிருக்க, உள்ளே விழா நடந்தது.

நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். இப்படி ஒரு செய்தி வந்தால் தெரிந்தவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "கீழே விழுந்து மிதிபட்டுத்தானே இறந்தார்கள்?" என்பது. பெரும்பாலும் இல்லை. நெரிசலில் பலர் நின்றபடியே சாகிறார்கள்.

மூச்சு இழுக்க விலாக்கூடு விரிய வேண்டும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் தசையான உதரவிதானம் கீழே இறங்க வேண்டும். முன்னும் பின்னும் ஆட்கள் அழுத்தும்போது விரிய இடமில்லை. மூச்சை வெளியே விடும்போது நெஞ்சு கொஞ்சம் சுருங்குகிறது அல்லவா, அந்த இடத்தையும் கூட்டம் பிடித்துக்கொள்ளும். அடுத்த மூச்சு இன்னும் சின்னதாகிவிடும். சீக்கிரமே நினைவு தப்பும். விழக்கூட இடமில்லாததால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது. ஆக்சிஜன் அடியோடு நின்றுபோனால் மூளை நான்கு முதல் ஆறு நிமிடம்தான் தாங்கும். இப்படி வருகிறவர்களுக்கு முகமும் கழுத்தும் நீலம் பாரித்து, கண் வெள்ளையில் ரத்தப் புள்ளிகள் இருக்கலாம். உடம்பில் வேறு பெரிய காயமே இருக்காது.

இவ்வளவு அழுத்தம் எங்கிருந்து வருகிறது? யாரும் கொலை வெறியோடு தள்ளுவதில்லை. ஒரு சதுர மீட்டரில் நான்கு பேர் நிற்கும்வரை நம் காலை நாமே எடுத்து வைக்கலாம். ஆறு, ஏழு பேர் ஆனால் உடம்புகள் ஒட்டிக்கொண்டு, கூட்டம் அலை அலையாக நகர ஆரம்பிக்கும். பின்னால் இருப்பவர் அரை அடி முன்னே வைத்தால், முன்னால் கம்பியோரம் நிற்பவர் மீது அத்தனை பேரின் அழுத்தமும் சேர்ந்து இறங்கும். இரும்புத் தடுப்பே வளைந்துபோன சம்பவங்கள் உண்டு. முன்னால் நடப்பது பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. "கேட் திறந்துட்டாங்க", "பாஸ் கொடுக்கிறாங்க" என்று ஒரு வதந்தி போதும்.

அதனால் நான் முக்கியமாகச் சொல்வது நேரத்தைப் பற்றித்தான். கிளம்பலாமா வேண்டாமா என்று முடிவு செய்யும் உரிமை உங்களிடம் கொஞ்ச நேரம்தான் இருக்கும். இரண்டு தோளிலும் ஆள் இடிக்கிறார், கையைத் தூக்கி முகத்தைத் தொடுவதே சிரமம் என்றால் அப்போதே வெளியேறுங்கள். கூட்டம் தானாக ஆட ஆரம்பித்தால் ஏற்கெனவே தாமதம். கோப்பையைப் பார்க்காமல் போவதா என்று தோன்றும். 2022 டிசம்பரில் புவனோஸ் அயர்ஸில் உலகக்கோப்பை வென்ற அர்ஜென்டினா அணியின் பஸ்ஸே கூட்டத்தில் முன்னேற முடியாமல் வீரர்கள் ஹெலிகாப்டருக்கு மாற வேண்டியிருந்தது. மணிக்கணக்கில் காத்திருந்த பலர் அவர்களைப் பார்க்கவே இல்லை.

மாட்டிக்கொண்டால்? குத்துச்சண்டைக்காரர் மாதிரி இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் மடக்கி வையுங்கள். நுரையீரலுக்கு அந்த இடம் வேண்டும். அலையை எதிர்த்துத் தள்ளாதீர்கள், அதோடு போய், அது ஓயும் இடைவெளியில் குறுக்காக ஓரத்தை நோக்கி நகருங்கள். சுவர், கம்பி, தூண் பக்கம் வேண்டாம். கத்தினால் மூச்சுதான் வீணாகும். போன் விழுந்தாலும் செருப்பு கழன்றாலும் குனியாதீர்கள். விழுந்துவிட்டால் உடனே எழப் பாருங்கள். முடியாவிட்டால் மல்லாக்கவோ குப்புறவோ கிடக்காமல் ஒருக்களித்துச் சுருண்டு தலையை மூடுங்கள்.

சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவுதான். பெரியவரின் இடுப்பு உயரத்தில் இருக்கும் பிள்ளைக்கு அங்கே காற்றே கிடைக்காது. தோளில் தூக்கினால் உங்கள் கை இரண்டும் போய்விடும். ஆஸ்துமா, இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிவியிலேயே பார்க்கலாம்.

இதையெல்லாம் சொல்வதால் இறந்தவர்கள் மீது பழி போடுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எத்தனை வாசல் திறப்பது, எப்போது ஆட்களை நிறுத்துவது, ஆம்புலன்ஸுக்கு எந்த வழி என்பதெல்லாம் ஏற்பாட்டாளர்களின் வேலை. ரசிகனால் அந்தக் கணக்கைப் போட முடியாது. 2024 ஜூலை 4 அன்று மும்பை மரைன் டிரைவில் டி20 உலகக்கோப்பை ஊர்வலம் நடந்தபோது, அந்தக் கூட்டத்திலும் மக்கள் விலகி ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டார்கள். ஆனால் நகர இடமே இல்லாத வாசலில் எவ்வளவு நல்ல மனசு இருந்தும் வழிவிட முடியாது.

பக்கத்தில் ஒருவர் தலை தொங்கிவிட்டால், முடிந்தால் தலைகளுக்கு மேலே தூக்கி ஓரத்துக்குக் கடத்துங்கள். தண்ணீரை வாயில் ஊற்றாதீர்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சும் சரியாக இல்லை என்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்குங்கள்: ஐந்து சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. மூச்சு கொடுக்கப் பயிற்சி பெற்றவர் இருந்தால் 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. மூச்சு முட்டி விழுந்தவருக்கு அது மிகவும் உதவும்.

அப்புறம், தப்பித்து வீட்டுக்குப் போனவர்களுக்கு ஒன்று. நெஞ்சு வலி, மூச்சு வாங்கல், தலைசுற்றல் இருந்தால் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று விடாதீர்கள். வெகுநேரம் நசுங்கிய தசையிலிருந்து கசியும் பொருள்கள் சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலோ, குறைந்துவிட்டாலோ அன்றைக்கே வாருங்கள். எங்கே, எவ்வளவு நேரம் மாட்டியிருந்தீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள், நாங்கள் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.