ஹெலியின் எடையைக் குறைக்க பிளேடைச் சுரண்டலாமா?

நாகர்கோவிலில் ரிமோட் ஹெலிகாப்டர், ட்ரோன் பழுது பார்ப்பது என் தொழில். சமீபகாலமாக மேசைக்கு வரும் சின்ன ஹெலிகளில், மேலே சுழலும் இறக்கையான பிளேடின் நுனியை உப்புத்தாள் வைத்துத் தேய்த்திருக்கிறார்கள். சிலர் மரப் பிளேடுக்குள் பதித்திருக்கும் எடைத் துண்டையே தோண்டி எடுத்துவிடுகிறார்கள். கேட்டால், "எடை குறைஞ்சா சடார்னு திரும்பும்லா அண்ணே" என்பார்கள்.

சொல்வது தப்பில்லை. ரோட்டர், அதாவது பிளேடுகளோடு சேர்ந்து சுழலும் பகுதி, லேசானால் ஹெலி ரிமோட் ஸ்டிக்குக்கு உடனே கட்டுப்படும். அதிலும் சுழற்சி மாறுவதைத் தடுப்பதில் நுனியில் இருக்கும் 1 கிராம், பாதித் தூரத்தில் இருக்கும் 4 கிராமுக்குச் சமம். அதனால்தான் எல்லோர் கையும் நுனிக்கே போகிறது.

ஆனால் கணக்கின் மறுபக்கம் இருக்கிறது. 325 மில்லிமீட்டர் பிளேடு போட்ட ஹெலி, நிமிடத்துக்கு 2,800 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். 35 கிராம் பிளேடு ஒவ்வொன்றும் தன்னைப் பிடித்திருக்கும் போல்ட்டைச் சுமார் 60 கிலோ விசையில் வெளியே இழுக்கும். ஒரு பிளேடின் நுனியில் 1 கிராம் குறைந்துவிட்டால், இரண்டுக்கும் நடுவே 3 கிலோ வித்தியாசம் வரும். அது நொடிக்கு 47 முறை மெயின் ஷாஃப்ட்டை ஆட்டும். பேரிங் தேயும், ஆட்டத்தை உணர்ந்து ஹெலியை நிலைப்படுத்தும் கைரோ குழம்பும். போல்ட் ஓட்டையைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். முடி போல ஒரு வெள்ளைக் கோடு தட்டுப்பட்டால் அது விரிசல், அந்த பிளேடு குப்பைக்குத்தான்.

மரப் பிளேடுக்குள் அந்த எடைத் துண்டை முன்விளிம்போரம் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. அதை எடுத்தால் பிளேடின் எடைமையம் பின்னால் போய், வேகத்தில் படபடவென அடிக்க ஆரம்பிக்கும்.

சரி, எங்கேதான் குறைப்பது? ஃப்ளைபார், அதாவது பிளேடுகளுக்குக் குறுக்கே சுழலும் கம்பி, வைத்த ஹெலியானால் அதன் நுனித் துடுப்பிலும் அதில் மாட்டியிருக்கும் எடைக் குண்டுகளிலும் கை வையுங்கள். லேசான துடுப்பு போட்டாலே திருப்பம் கூர்மையாகும். பிளேடும் லேசாக வேண்டுமென்றால் ஜோடியாக எடை பார்த்து விற்கும் கார்பன் பிளேடு வாங்குவதுதான் முறை. வாங்கினாலும் நகைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். முதலில் இரண்டின் எடைமையமும் ஒரே இடத்தில் வரும்படி டேப் ஒட்ட வேண்டும். அப்புறம் லேசான பிளேடின் எடைமையத்தில் டேப் சுற்றி எடையைச் சமன் செய்ய வேண்டும். வரிசையை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து.

லேசான ரோட்டரில் சுழற்சியாகச் சேர்ந்திருக்கும் ஆற்றல் குறைவு. மோட்டார் நின்றால் சுழற்சி சீக்கிரம் விழும், ஆட்டோரொட்டேஷனில், அதாவது மோட்டார் இல்லாமல் பிளேடு சுழற்சியை வைத்தே, இறக்க நேரம் கிடைக்காது. பிட்சை, அதாவது பிளேடின் சாய்கோணத்தை, சட்டென்று கூட்டினாலும் சுற்று விழுந்து வால் உதறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று எப்படி என்று நமக்குத் தெரியும். முப்பந்தலில் காற்றாலைகளை நட்டது சும்மாவா? தோவாளைப் பக்கம் பறக்கவிடுகிறவர்கள் அந்த மாதங்களில் பழைய கனமான பிளேடையே மாட்டிக்கொள்ளுங்கள்.