செட்டைக் கழற்றும் முன் வயரைக் கேளுங்கள்

புதிதாக மாட்டிய கார் ஸ்டீரியோ. பாட்டு அருமையாகக் கேட்கிறது, திரையும் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் சாவியை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தால் அதற்கு எதுவுமே ஞாபகம் இல்லை. கடிகாரம் 12:00 காட்டுகிறது. தேடிப் பதிந்து வைத்த எஃப்எம் நிலையங்களைக் காணோம். பாஸ், ட்ரெபிள் எல்லாம் பழைய இடத்துக்கே போய்விட்டன. மேப்பைத் திறந்தால், வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் வெகுநேரம் முழிக்கிறது. செட் மட்டம், திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றுதான் தோன்றும். செட்டில் ஒரு குறையும் இருக்காது. பெரும்பாலும் இரண்டு வயர்கள் இடம் மாறியிருக்கும், அவ்வளவுதான்.

கார் ஸ்டீரியோவுக்கு மின்சாரம் இரண்டு வழியில் வருகிறது. தனியாக வாங்கி மாட்டும் செட்களில் மஞ்சள் வயர் பேட்டரியோடு நிரந்தரமாக இணைந்திருக்க வேண்டும். சாவி வீட்டு ஆணியில் தொங்கினாலும் அதில் 12 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். சிவப்பு வயரில் சாவியைத் திருப்பினால்தான் வரும். இரண்டும் ஒரே 12 வோல்ட்தான், வேலை வேறு. பாட்டுக்கான சக்தி மஞ்சள் வழியாகப் போகிறது, நினைவைக் காப்பாற்றுவதும் அதுதான். சிவப்பு வெறும் சைகை: ‘எழுந்திரு’, ‘தூங்கு’. இரண்டையும் மாற்றி மாட்டினால் சாவி போட்டிருக்கும் வரை வித்தியாசமே தெரியாது. சாவியை எடுத்த கணத்தில் நினைவுக்கான மின்சாரமும் அறுந்துபோகும்.

பின்பக்கச் சாக்கெட்டுக்கு ஐஎஸ்ஓ 10487 என்றொரு தரநிலை இருக்கத்தான் செய்கிறது. இருந்தும் நிரந்தர மின்சாரமும் சாவி மின்சாரமும் 4-ஆம், 7-ஆம் முனைகளில் இடம் மாறி வரும் கார்கள் உண்டு. இதற்காகவே பல செட்களின் சிவப்பு, மஞ்சள் வயர்களின் நடுவே கழற்றி மாற்றிச் செருகும்படி சின்ன இணைப்பு வைத்திருக்கிறார்கள். அதை முதன்முதலில் பார்த்தபோது ஏதோ ஃபியூஸ் என்று நினைத்து நான் தொடாமலே விட்டுவிட்டேன். காரின் பக்கத்து வயர்களுக்கு இந்த நிறக் கணக்கு செல்லாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே ஒவ்வொரு தயாரிப்பாளரும் ஒரு நிறம் வைத்திருப்பார். வோல்ட்டை அளக்கும் மல்டிமீட்டர் சொல்வதை மட்டும் நம்பலாம்.

சரி, மேப் முழிப்பதற்கும் மஞ்சள் வயருக்கும் என்ன சம்பந்தம்? ஒவ்வொரு ஜிபிஎஸ் செயற்கைக்கோளும் தான் எந்தப் பாதையில் போகிறது என்ற விவரத்தை 30 விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப அனுப்புகிறது. வேகம் நொடிக்கு 50 பிட்தான். தட்டச்சு பழகுபவர் எழுத்தெழுத்தாக அடிப்பது போல. இதை முழுதாகக் கேட்டு முடித்த பிறகே ரிசீவரால் இடத்தைக் கணக்கிட முடியும். ஒருமுறை கேட்டு வைத்தால் சில மணி நேரத்துக்குச் செல்லும். அந்த விவரமும் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரமும் கைவசம் இருந்தால் சில நொடிகளில் இடம் கிடைத்துவிடும். இரண்டும் அழிந்திருந்தால் அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

இன்னொரு புகார், வண்டியை ஸ்டார்ட் செய்யும்போதெல்லாம் செட் அணைந்து மறுபடி எழுவது. ஸ்டார்ட்டர் மோட்டார் அந்த ஓரிரு நொடியில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நல்ல பேட்டரியே 12.6 வோல்ட்டிலிருந்து பத்து வோல்ட் அளவுக்கு இறங்கும். வயதான பேட்டரி அதற்கும் கீழே போகும். அந்தப் பள்ளத்தில் செட்டுக்குள் இருக்கும் பிராசஸருக்குத் தலை சுற்றிவிடும். எஞ்சினே சோம்பலாகச் சுற்றினால் செட்டை விட்டுவிட்டு பேட்டரியைப் பாருங்கள்.

ஒருமுறை என்னைப் படாதபாடு படுத்திய கோளாறை இங்கே சொல்ல வேண்டும். குறைந்த சத்தத்தில் செட் ஒழுங்காகப் பாடும். சத்தத்தைக் கூட்டினால், பறை அடி விழும் இடத்தில் சரியாக அணையும், உடனே எழும், அடுத்த அடியில் மறுபடி அணையும். காட்டிய இடத்தில் ‘ஆம்ப்ளிஃபையர் ஐசி போச்சு, செட்டையே மாத்திடுங்க’ என்றார்கள். சாக்கெட்டைக் கழற்றி, மஞ்சளுக்கும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் கறுப்பு எர்த் வயருக்கும் நடுவே மீட்டர் வைத்தேன். 12.5 வோல்ட். குறையே இல்லை.

மீட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்விதான் தப்பு. மல்டிமீட்டர் தன் வேலைக்கு இழுப்பது ஏறக்குறைய ஒரு மைக்ரோ ஆம்பியர். வழியில் அரை ஓம் அளவுக்குத் துரு இருந்தாலும் அவ்வளவு சின்ன ஓட்டத்துக்கு அது தடையே இல்லை. பாட்டு உச்சத்தில் போகும்போது செட் எட்டு ஆம்பியர் கேட்டால், அதே அரை ஓம் நான்கு வோல்ட்டைத் தின்றுவிடும். செட்டுக்கு மிஞ்சுவது எட்டரை வோல்ட். உடனே அணைகிறது, அணைந்ததும் ஓட்டம் நின்று வோல்ட் பழையபடி ஏறுகிறது, எழுகிறது, அடுத்த பறை அடி.

ஆகவே சாக்கெட்டில் மீட்டரோடு சேர்த்து ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பையும் கொஞ்ச நேரம் மாட்டிப் பார்த்தேன். பல்பு எரிந்தது, ஆனால் மங்கலாக. மீட்டர் பத்தரைக்கு இறங்கியிருந்தது. பல்பு எரியும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையைச் சாக்கெட்டின் கறுப்பு வயரிலும் வைத்தேன். இரண்டும் எர்த் என்பதால் ஏறத்தாழ பூஜ்யம் காட்ட வேண்டும். காட்டியது 2 வோல்ட். தொலைந்த வோல்ட் முழுக்க எர்த் பக்கம்தான். டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விட்டுத் தேடினால், எர்த் வயரைப் பெயின்ட் அடித்த பட்டையின் மேல் போல்ட் வைத்து முறுக்கியிருக்கிறார்கள். பெயின்டை உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முறுக்கினேன். செட் இன்றும் அதேதான்.

ஸ்பீக்கர் பக்கம் வருவோம். பெட்டியின் மேல் ‘50 வாட் x 4’ என்று போட்டிருப்பார்கள். எஞ்சின் ஓடும்போது வண்டியில் இருப்பது 14.4 வோல்ட், ஸ்பீக்கர் 4 ஓம். 14.4-ஐ 14.4-ஆல் பெருக்கி 4-ஆல் வகுத்தால் 51.8 வருகிறதல்லவா? அந்த 50 பிறக்கும் இடம் இதுதான். அலையின் தலையை மொட்டையாக வெட்டிச் சதுரமாக்கினால்தான் அந்த அளவு கிடைக்கும். அது பாட்டாக இருக்காது, கரகரப்பாக இருக்கும். சிதையாத ஒலிக்கு அதில் பாதி, போக வர சேதாரம் கழித்தால் 20 வாட் பக்கம் நிற்கும்.

இந்தக் கணக்கு சொல்லும் முக்கியமான விஷயம் வேறு. 12 வோல்ட்டை வைத்து இவ்வளவு சக்தி எடுப்பதற்காக செட் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் இரண்டு முனையிலிருந்தும் எதிரெதிராகத் தள்ளி இழுக்கிறது. ஸ்பீக்கரின் நெகட்டிவ் வயர் எர்த் கிடையாது, அதிலும் மின்சாரம் ஆடுகிறது. கதவு மூடித் திறக்கும் இடத்தில் தோல் உரிந்த ஒரு ஸ்பீக்கர் வயர் வண்டியின் உடலைத் தொட்டால் போதும்; ஆம்ப்ளிஃபையர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நான்கு ஸ்பீக்கரையும் மௌனமாக்கிவிடும். திரை எரியும், மேப் ஓடும், சத்தம் மட்டும் வராது. இதையும் ‘செட் போச்சு’ கணக்கில் எழுதிவிடுகிறார்கள். சாக்கெட்டைக் கழற்றி ஒவ்வொரு ஜோடியையும் அளந்தால் நான்கு ஓமுக்குக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். எந்த வயருக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே தொடர்பே இருக்கக் கூடாது. மீட்டர் இல்லையென்றால் ஒன்றரை வோல்ட் பென்சில் பேட்டரியை ஜோடியின் இரு முனையிலும் தொட்டு எடுங்கள். உயிருள்ள ஸ்பீக்கர் ‘டப்’ என்று பதில் சொல்லும்.

நேவிகேஷன் கோளாறு இதைவிட நுட்பமானது. செயற்கைக்கோள்கள் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அங்கிருந்து வந்து சேரும் சமிக்ஞை ஒரு வாட்டில் கோடியில் ஒரு பங்குகூடக் கிடையாது; அந்தப் பங்கையும் மறுபடி நூறு கோடி கூறு போட்டால் வரும் அளவு. அதனால் ஜிபிஎஸ் ஆண்டெனாவுக்குள்ளேயே ஒரு பெருக்கி உட்கார்ந்திருக்கிறது. அதற்கான 3 முதல் 5 வோல்ட்டை செட்தான் அதே ஆண்டெனா கேபிள் வழியாக மேலே அனுப்புகிறது. மேப்பில் ஒரு செயற்கைக்கோள்கூடத் தெரியவில்லை என்றால், ஆண்டெனாவைக் கழற்றி செட்டின் துளையில், நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள். வோல்ட் வந்தால் சந்தேகம் ஆண்டெனா மேல், வராவிட்டால் செட் மேல். மட்டமான யூஎஸ்பி சார்ஜரும் டேஷ்கேமும் எழுப்பும் மின் இரைச்சலே இந்தச் சமிக்ஞையை மூழ்கடிப்பதுண்டு. முதலில் அவற்றைப் பிடுங்கிவிட்டுப் பார்ப்பது நல்லது.

செயற்கைக்கோள்கள் எல்லாம் தெரிகின்றன, இடமும் சரி, தேதி மட்டும் ஏறக்குறைய இருபது வருடம் பின்னால் காட்டுகிறதா? கழற்றவே வேண்டாம். ஜிபிஎஸ் தன் வாரங்களை 10 பிட்டில் எண்ணுகிறது. 1,024 வாரம் ஆனதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படித் திரும்பியது. இதை எதிர்பார்க்காமல் எழுதிய மென்பொருள் குழம்பிவிடும். புது மென்பொருள் கிடைத்தால் ஏற்றலாம், இல்லையென்றால் தேதியைப் பார்க்காமல் ஓட்டலாம்.

உள்ளேயே கெடுவதும் உண்டுதான். வோல்ட் ஆடாமல் அசையாமல் நிற்க, செட் மட்டும் லோகோவிலேயே தேங்கி நின்றாலோ, தானாகவே திரும்பத் திரும்ப எழுந்தாலோ ஃபிளாஷ் நினைவகத்தைச் சந்தேகிக்கலாம். அதன் ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை முறைதான் அழித்து எழுத முடியும் என்ற ஆயுள் கணக்கு இருக்கிறது. ஓயாமல் பதிவேடு எழுதும் மென்பொருள் அதைச் சீக்கிரமே தீர்த்துவிடும். இதே காரணத்துக்காக 2021-இல் டெஸ்லா நிறுவனம் அமெரிக்காவில் சுமார் 1,35,000 மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களைத் திரும்ப அழைத்தது. அவற்றில் இருந்தது 8 ஜிபி நினைவகம். அது தேய்ந்துபோனதும் ரிவர்ஸ் கேமராப் படம்கூட வராமல் போனது. இன்னொன்று, தொடாமலே பட்டன் அமுங்கும் தொடுதிரை. அதற்குத் திரையின் மேல் கண்ணாடியை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் போதும்.

மாற்றியே ஆக வேண்டும் என்றால், முதலில் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: பழைய செட் ரகசிய எண் கேட்கும் வகையா? மின்சாரம் அறுந்ததும் பூட்டிக்கொள்ளும் செட்கள் உண்டு. எண் கையில் இல்லாமல் கழற்றினால் திரும்ப மாட்டினாலும் பாடாது. அளவில் குழப்பம் குறைவு: அகலம் 180 மில்லிமீட்டர், உயரம் 50 அல்லது 100.

புதுக் கார்களில் சாக்கெட்டைத் துழாவினால் சாவி மின்சாரம் எந்த முனையிலும் கிடைக்காமல் போகலாம். அங்கே ‘சாவி போட்டாயிற்று’ என்பது ஒரு வயரில் வரும் 12 வோல்ட்டாக இல்லாமல், கேன் என்ற இரண்டு வயர் வலையில் போகும் ஒரு செய்தியாக இருக்கும். ஸ்டீயரிங் பட்டன்களும் பல கார்களில் அந்த வலையில்தான் பேசும். இதை மொழிபெயர்க்க அந்தக் காருக்கான அடாப்டர் பெட்டி வேண்டும். சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் இது.

மாட்டிய பிறகு எஃப்எம் இரைந்தால் நீல வயரைத் தேடுங்கள். கண்ணாடியிலோ கூரையிலோ உள்ள ஆண்டெனாப் பெருக்கிக்கு அதுதான் சாப்பாடு. சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் மேப்பில் வண்டி உறைந்து நின்றால், வேகத் துடிப்பு வயரை இணைக்காமல் விட்டிருக்கிறார்கள். வானம் தெரியாத இடத்தில் சக்கரத் துடிப்பை எண்ணியும், திரும்பும் கோணத்தை, சுழற்சியை உணரும் கைரோவில் பார்த்தும்தான் செட் நகர்கிறது. செயற்கைக்கோளே இல்லாமல் முழு வழியையும் இப்படிக் கணக்கிட்ட கருவியை ஹோண்டா 1981-லேயே காரில் வைத்தது. ஒளி ஊடுருவும் ஃபிலிமில் அச்சிட்ட வரைபடம் திரையின் மேல் செருகப்பட்டிருக்கும்!

எல்லாவற்றையும் இணைத்து, செட்டை உள்ளே தள்ளாமல் மடியில் வைத்தபடியே ஓட்டிப் பாருங்கள். கடைசியாக ஒரு சோதனை பாக்கி. எல்லாவற்றையும் அணைத்து, பேட்டரி நெகட்டிவுக்கும் அதன் வயருக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துக் காத்திருங்கள். அந்த நேரத்தில் யாரும் ஸ்டார்ட் செய்துவிடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். முதலில் சில ஆம்பியர் காட்டும். வண்டியின் ஒவ்வொரு பகுதியும் தூங்கப் போகப் போக எண் படிப்படியாக இறங்கும். அரை மணி நேரம்கூட ஆகலாம். 0.5-இல் நின்றுவிட்டால் புது செட் தூங்கவில்லை என்று சந்தேகிக்கலாம். 45 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கு நாளில் காலியாகிவிடும். மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி வைத்தால் இப்படி ஆகும். 0.05-க்குக் கீழே இறங்கிவிட்டதா? அப்புறம் டேஷ்போர்டு மூடியை அழுத்தி மாட்டிவிடலாம்.