நாலு மெழுகுவர்த்தி வெளிச்சம்

நள்ளிரவு. கடலில் ஒரு விசைப்படகு போய்க்கொண்டிருக்கிறது. தொலைவில் இரண்டு வெள்ளை விளக்குகள் தெரிகின்றன, ஒன்று தாழ்வாக, மற்றொன்று உயரமாக. கப்பல்தான், சந்தேகமில்லை. அது நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா? கரையில் வரும் லாரி என்றால் அது போகும் திசையைச் சாலையே சொல்லிவிடும். கடலில் அப்படி எதுவும் இல்லை. விளக்குகளைப் பார்த்துத்தான் திசையைப் படித்துக்கொள்ள வேண்டும்.

'படித்துக்கொள்ள' என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். காரின் ஹெட்லைட் போல வழியைக் காட்டுவது படகு விளக்கின் வேலை இல்லை. நான் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன், என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று அடுத்தவருக்குச் சொல்வதே அதன் வேலை.

வலப்பக்கம் பச்சை, இடப்பக்கம் சிவப்பு, பாய்மரத்தில் வெள்ளை (இதுதான் மர விளக்கு), பின்புறம் இன்னொரு வெள்ளை. சிவப்பு, பச்சை விளக்குகள் ஒவ்வொன்றும் அணியத்துக்கு, அதாவது கலத்தின் முன்முனைக்கு, நேர் முன்னாலிருந்து தன் பக்கமாக 112.5 பாகை வரை மட்டுமே தெரியும். மர விளக்கு முன்பக்கமாக 225 பாகைக்கும், பின் விளக்கு பின்பக்கமாக 135 பாகைக்கும் தெரியும். பின்னம் வரும் இந்த எண்கள் விசித்திரமாகத் தோன்றலாம். பழைய மாலுமிகள் திசைகாட்டி வட்டத்தை 32 பங்காகப் பிரித்தார்கள். ஒரு பங்கு 11.25 பாகை. பக்க விளக்குக்குப் பத்துப் பங்கு, மர விளக்குக்கு இருபது, பின் விளக்குக்குப் பன்னிரண்டு. மர விளக்கையும் பின் விளக்கையும் கூட்டினால் முழு வட்டம்.

கப்பலைச் சுற்றி ஒரு வட்டம் போவதாக நினைத்துப் பாருங்கள். நேர் எதிரே நின்றால் சிவப்பு, பச்சை இரண்டும் தெரியும். அதன் இடப்பக்கம் நகர்ந்தால் பச்சை மறைந்து சிவப்பு மட்டும் நிற்கும். இன்னும் பின்னால் போனால், ஒரு குறிப்பிட்ட கோணத்தில் சிவப்பும் மர விளக்கும் சேர்ந்தே மறைந்து, பின் விளக்கின் ஒற்றை வெள்ளை எழும். அந்தக் கோணம் சட்டத்தின் எல்லையும்கூட. 1977-ல் நடைமுறைக்கு வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின்படி, அதற்குப் பின்னாலிருந்து நெருங்குகிறவர் முந்திச் செல்கிறவர். ஒதுங்க வேண்டியதும் அவரே. கோணமானி வைத்து யாரும் அளக்க வேண்டியதில்லை. கண்ணுக்குத் தெரியும் நிறமே விதியைச் சொல்லிவிடுகிறது.

குறுக்கே கடக்கும்போதும் இப்படித்தான். இரண்டு இயந்திரக் கலங்கள் குறுக்கிட்டால், மற்றதைத் தன் வலப்பக்கத்தில் கொண்டது விலக வேண்டும். என் வலப்பக்கத்திலிருந்து குறுக்கே வரும் கப்பல் எனக்குத் தன் இடப்பக்கத்தைக் காட்டும், அதாவது சிவப்பை. நான் ஒதுங்க வேண்டும். அதே நேரத்தில் அந்தக் கப்பல் என் பச்சையைப் பார்த்துத் தன் போக்கில் செல்லும். ஒரு சொல் பேசாமல் இரண்டு பேருக்கும் வேலை பிரித்துக் கொடுத்தாகிவிட்டது. எனக்கு இதில் தீராத வியப்பு உண்டு.

முதலில் பார்த்த அந்த இரண்டு வெள்ளை விளக்குகளுக்கு வருவோம். 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கப்பலுக்கு மர விளக்கு இரண்டு: முன்னது தாழ, பின்னது உயர. அவை 6 கடல் மைல் வரை தெரிய வேண்டும். பக்க விளக்குகளுக்கு 3 மைல் போதும். ஆகவே சிவப்பும் பச்சையும் கண்ணில் படுவதற்கு முன்பே இந்த வெள்ளைகளைப் படிக்கலாம். தாழ்ந்த விளக்கு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் கப்பலின் அணியம். இரண்டும் நெருங்கி, ஒன்றுக்கு நேர் மேலே மற்றொன்று வந்துவிட்டால் கப்பல் உங்களை நோக்கியே வருகிறது. இன்னொரு சோதனையும் உண்டு. படகின் போக்கை மாற்றாமல், அந்த விளக்கை வீல்ஹவுஸ் (சுக்கான் பிடிக்கும் அறை) கம்பி ஒன்றோடு ஒட்டிப் பாருங்கள். சில நிமிடம் கழித்தும் அதே கம்பியோடு ஒட்டி நின்றால் மோதும் பாதையில் இருக்கிறீர்கள்.

இனி வெளிச்சத்தின் அளவு. 12 மீட்டர் முதல் 50 மீட்டர் வரை நீளமுள்ள படகின் பக்க விளக்கு 2 கடல் மைல், அதாவது 3.7 கிலோமீட்டர் தெரிய வேண்டும். அதற்கு விதி கேட்கும் ஒளிச்செறிவு 4.3 காண்டெலா. ஒரு மெழுகுவர்த்தி ஏறக்குறைய ஒரு காண்டெலா தரும். நாலு மெழுகுவர்த்தி வெளிச்சத்தை நாலு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்திலிருந்து இருட்டுக்குப் பழகிய கண் கண்டுபிடித்துவிடுகிறது. 6 மைலுக்கு 94 காண்டெலா வேண்டும். தூரம் மூன்று மடங்கானால் ஒளி ஒன்பது மடங்கு போதும் என்று கணக்குப் போடுவோம். ஆனால் வழியிலுள்ள காற்றும் ஒளியை உறிஞ்சுவதால் இருபது மடங்குக்கு மேல் தேவைப்படுகிறது.

இந்தச் சின்ன வெளிச்சத்தை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் நாமேதான். மீன் பிரிக்க வசதியாக மேல்தளத்தில் பெரிய எல்இடி விளக்கைப் போட்டுவிட்டால், நன்றாகத் தெரிவோம் என்று மனம் நிம்மதியாகிறது. கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்ப்பவருக்குத் தெரிவது ஒரு வெள்ளைப் பிழம்பு மட்டும். நாலு காண்டெலா சிவப்பு அதற்குள் அமுங்கிவிடும். படகு எந்தத் திசையில் போகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, வலை கடலில் கிடக்கிறதா, எதுவும் தெரியாது. படகில் இருப்பவர்களின் கண்ணும் கூசிப்போகும். மறுபடி இருட்டுக்குப் பழக அரைமணி நேரம் பிடிக்கும். குறிப்பு விளக்குகளை மறைக்கும் வேறு விளக்கைக் காட்டக் கூடாது என்று விதியே சொல்கிறது.

மீன்பிடிப் படகுக்கு இதில் கூடுதல் நஷ்டம். இழுவலை இழுக்கும்போது மேலே பச்சை, கீழே வெள்ளை. மற்ற வலை, தூண்டில் என்றால் மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இந்த இரட்டை விளக்கைக் காட்டும் படகுக்கு எவ்வளவு பெரிய சரக்குக் கப்பலும் ஒதுங்கிப் போக வேண்டும். விளக்கு தெரியாவிட்டால் அந்த உரிமையும் கப்பலின் கண்ணில் படாது.

நேரமும் அதிகம் இல்லை. 15 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வேகக் கப்பலும் 7 நாட் வேகப் படகும் எதிரெதிரே வந்தால் 2 மைல் இடைவெளி ஐந்தரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். 2018 ஆகஸ்டில் கேரளத்தின் முனம்பத்துக்கு அப்பாலும், 2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பாலும் மீன்பிடிப் படகுகள் கப்பலோடு மோதின. இரண்டிலும் தமிழ்நாட்டு மீனவர்கள் உயிரிழந்தார்கள். மலாக்காவிலிருந்து சூயஸ் போகும் கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே சுற்றி, குமரி முனைக்குத் தெற்கே அரபிக்கடலுக்குள் நுழைகின்றன; குமரி மாவட்டத் தூத்தூர் வட்டாரத்தின் ஆழ்கடல் படகுகள் சுறா தேடிப் போவதும் அந்தக் கடலுக்குத்தான்.

பழைய விளக்குக் கூட்டில் குண்டு பல்பைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி மாட்டுவது இப்போது வழக்கமாகிவிட்டது. இது தவறு. வெள்ளை எல்இடியில் சிவப்பு குறைவு; சிவப்புக் கண்ணாடி வழியாக மங்கலாகவே வெளியேறும். பச்சையோ நீலமாகத் தெரியத் தொடங்கும். கண்ணாடிக்குப் பொருத்தமான நிற எல்இடியே வேண்டும். பக்க விளக்குகளின் உள்பக்க மறைப்புத் தகடு மங்கல் கறுப்பில் இருக்கவேண்டும். பளபளப்பாக இருந்தால் ஒளி சிதறி எதிர்ப்பக்கமும் தெரிந்து, கோணக் கணக்கே குலைந்துபோகும்.

நீளம் 7 மீட்டருக்குக் குறைந்து, வேகமும் 7 நாட்டைத் தாண்டாத எஞ்சின் படகு சுற்றிலும் தெரியும் ஒரே வெள்ளை விளக்கோடு போகலாம். முடிந்தால் பக்க விளக்கும் வைக்க வேண்டும். 28 அடி ஃபைபர் படகு ஏறக்குறைய எட்டரை மீட்டர், அதனால் அதற்கு இந்தச் சலுகை இல்லை. துடுப்புப் போடும் கட்டுமரத்துக்கு விதி கேட்பது ஒரு டார்ச் அல்லது அரிக்கேன் மட்டும். ஆனால் அது கையெட்டும் இடத்தில், எரியத் தயாராக இருக்க வேண்டும். மோதலைத் தவிர்க்க நேரம் இருக்கும்போதே காட்ட வேண்டும். பாய் விரித்திருந்தால் டார்ச்சைப் பாயின் மீது அடித்தால் போதும். பாய் முழுக்க வெளுத்து, கப்பலில் இருப்பவர் கண்ணுக்கு ஒரு படகாகவே தெரியும்.