புதுக் கமராவோட கல்யாணத்துக்குப் போக முதல் றோ ஃபைல் திறக்குதா எண்டு பாருங்கோ

புதுசா ஒரு கமரா வந்தா எங்கட ஆக்கள் பார்க்கிறது மெகாபிக்சல் எவ்வளவு, ஆட்டோஃபோகஸ் எப்பிடி, ரெண்டு காட் போடலாமா, வீடியோ சூடேறாம ஓடுமா, இவ்வளவுதான். அதில எடுக்கிற றோ ஃபைலை (சென்சர் பதிஞ்சதை ஜேபெக்கா மாத்தாம அப்பிடியே வச்சிருக்கிற ஃபைல்) வீட்டில இருக்கிற லைட்ரூம், அதான் அடோபிட எடிட்டிங் சொப்ட்வெயர், திறக்குமா எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்ல. கடைக்காரருக்கும் அது கவலையில்ல, அவருக்குக் கமரா வித்தாச் சரி.

நான் திருகோணமலையில ஸ்டூடியோ வச்சிருக்கிறன், வெளி ஆக்கள் எடுத்த கல்யாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா ஃபைல்களும் எடிட்டிங்குக்கு என்னட்ட வரும். இந்தப் பிரச்சினையோட வாற ஆக்கள் கூடிக்கொண்டு வருகினம், அதான் எழுதுறன்.

றோ எண்டுறது ஜேபெக் மாதிரி எல்லாருக்கும் பொதுவான ஒரு ஃபோர்மட் இல்ல. கெனனுக்கு சிஆர்3, நிக்கோனுக்கு என்ஈஎஃப், சோனிக்கு ஏஆர்டபிள்யூ, ஃபுஜிக்கு ஆர்ஏஎஃப். சரி, எக்ஸ்டென்ஷன் (ஃபைல் பேர்ட கடைசி எழுத்துகள்) ஒண்டுதானே, பழைய சோனி ஏஆர்டபிள்யூ திறக்குது, புதுச் சோனியும் திறக்கும்தானே எண்டு கேப்பீங்கள். திறக்காது, ஏனெண்டா பேர்தான் ஒண்டு, உள்ளுக்கு இருக்கிற சங்கதி மொடலுக்கு மொடல் மாறும். சென்சர்ல சிவப்பு, பச்சை, நீலம் எந்த ஒழுங்கில இருக்கு, முழுக் கறுப்பு எண்டா என்ன நம்பர், எந்த நம்பர்ல வெள்ளை வெடிக்கும், மஞ்சள் பல்ப் வெளிச்சத்தில இந்த சென்சர் கலரை எப்பிடிப் பார்க்குது, பகல் வெளிச்சத்தில எப்பிடிப் பார்க்குது, இதெல்லாம் சொப்ட்வெயருக்குத் தெரிஞ்சாத்தான் அது படம். தெரியாட்டி வெறும் நம்பர். அதால அடோபி மாதிரி கம்பனிகள் ஒவ்வொரு மொடலையும் தனித்தனியா அளந்து அடுத்த அப்டேட்டில சேர்ப்பினம். சில மொடலுக்கு கமரா கடைக்கு வரேக்கையே சப்போர்ட் வந்திடும், சிலதுக்குக் கிழமைக்கணக்கில காவல் நிக்கோணும். நீங்க கிராக் பண்ணின பழைய வேர்ஷன் வச்சிருந்தா (கோவிக்காதேங்கோ, எங்கட ஊர்ல அரைவாசிப் பேரட்ட அதுதான் இருக்கு) அந்த அப்டேட் உங்களுக்கு வரவே வராது.

இதில பெரிய ஆபத்து என்னெண்டா, ஆக்கள் காட் பழுதாப் போட்டுது எண்டு நினைக்கிறது. உப்புவெளியில ஒரு ஹோட்டல்ல ரிசெப்ஷன் எடுத்த தம்பி ஒருத்தர் இரவோட இரவா வந்து நிக்கிறார், "அண்ணா, காட் போட்டுது, ஒரு படமும் வருதில்ல." வாங்கி கமராவில போட்டுப் பார்த்தா பின் ஸ்கிரீன்ல மாப்பிளை பொம்பிளை பளிச்செண்டு நிக்கினம். லப்டொப்பில லைட்ரூம் இம்போர்ட்டில மட்டும் சாம்பல் பெட்டி பெட்டியா வருது. யாரோ அவருக்கு ஃபோன்ல சொல்லியிருக்கினம், காட்டை ஃபோர்மட் அடிச்சிட்டு ரிக்கவரி போடு எண்டு. நல்ல காலம் செய்யேல்ல. கமரா ஸ்கிரீன்ல தெரியிறது றோவுக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கிற ஒரு ஜேபெக், அதால அங்க எப்பவும் வடிவாத் தெரியும். கமராவில தெரியுது, கொம்பியூட்டர்ல திறக்குதில்ல எண்டா முதல்ல சந்தேகப்பட வேண்டியது சொப்ட்வெயர் வேர்ஷனை. அண்டைக்கு அந்தக் கமராக் கம்பனிட சொந்த சொப்ட்வெயரை டவுன்லோட் பண்ணிப் போட்டன், அவ்வளவு படமும் திறந்துது.

அந்த வழி எல்லாருக்கும் இருக்கு, காசும் இல்ல. கெனனுக்கு டிஜிட்டல் ஃபோட்டோ ப்ரொஃபெஷனல், நிக்கோனுக்கு என்எக்ஸ் ஸ்டூடியோ, சோனிக்கு இமேஜிங் எட்ஜ். ஆமை வேகம்தான், ஆயிரம் படத்தை அதில எடிட் பண்ணச் சொன்னா நானும் ஓடிடுவன். ஆனா அவசரத்துக்குத் திறந்து, மற்ற சொப்ட்வெயரிலயும் திறக்கிற டிஃப் ஃபைலா எடுத்து வேலையை முடிக்கலாம், கலரும் கமரா ஸ்கிரீன்ல பார்த்த மாதிரியே வரும்.

லைட்ரூம் 6 காசுக்கு வாங்கி இன்னும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்கிற ஆக்களும் இருக்கினம். அது 2015ல வந்தது, அப்டேட் 2017 கடைசியோட நிண்டுட்டுது. அதுக்குப் பிறகு, 2018ல வந்த சோனி ஏ7 மார்க் 3 கூட அதில நேரா திறக்காது. மாசாமாசம் காசு கட்ட விருப்பமில்லாட்டி அடோபிட டிஎன்ஜி கன்வேர்ட்டரைப் போடுங்கோ, அது இலவசம். றோவை டிஎன்ஜி எண்டுற அடோபிட பொது றோ ஃபோர்மட்டா மாத்தித் தரும், கமரா விபரத்தையும் உள்ளுக்கே வச்சுத் தரும், பழைய லைட்ரூம் திறக்கும். ப்ரிஃபரன்சில கம்பாட்டிபிலிட்டி எண்டு ஒண்டு இருக்கு, உங்கட வேர்ஷனுக்குத் தக்க மாதிரி பழசைத் தெரிஞ்செடுக்கோணும். ஒரிஜினல் றோவை மட்டும் அழிச்சுப்போடாதேங்கோ. டிஎன்ஜியை என்எக்ஸ் ஸ்டூடியோவிலயோ கெனன்ர சொப்ட்வெயர்லயோ திருப்பித் திறக்கேலாது.

யூடியூப்பில ஒரு குறுக்குவழி ஓடித்திரியுது, ஃபைலுக்குள்ள இருக்கிற கமராப் பேரைப் பழைய மொடல் பேரா மாத்தினாத் திறக்கும் எண்டு. சிலநேரம் திறக்கும்தான். எனக்கு ஒருக்கா அப்பிடி மாத்தின ஃபைல் வந்துது, பொம்பிளைட சிவப்புக் கூறை ரோஸும் இல்லாமச் சிவப்பும் இல்லாம ஒரு நிறம், மாப்பிளைட தலைமயிர் நிழலுக்குள்ள ஊதா. கறுப்பு அளவும் கலர்க் கணக்கும் வேற சென்சருடையது, பிறகு எப்பிடிச் சரிவரும்? காசு வாங்கின வேலைக்கு இதைச் செய்யவே செய்யாதேங்கோ.

சொப்ட்வெயர் திறக்கிற கமரா லிஸ்டில உங்கட மொடல் பேர் இருந்தாலும் கமராட செட்டிங்கைப் பாருங்கோ. நிக்கோன் இசட்9, இசட்8ல ஹை எஃபிஷியன்சி எண்டு ஒரு றோ வகை இருக்கு, ஃபைல் சின்னன், அடோபியில திறக்கும், ஆனா டார்க்டேபிள் மாதிரி இலவச ப்ரோக்ராம்கள் அதை வருசக்கணக்காத் திறக்கேல்ல. லொஸ்லெஸ் கம்ப்ரெஸ்ட்ல (தரம் குறையாமச் சுருக்கிற வகை) எடுத்தா அந்தச் சிக்கல் இல்ல.

கோணேசர் கோயில் தேருக்கோ திமிங்கிலம் பார்க்கிற சீசனுக்கோ கொழும்பில இருந்து புது மொடலை வாடகைக்கு எடுக்கிற ஆக்கள் றோவும் ஜேபெக்கும் சேர்த்துப் போட்டு எடுங்கோ. காட் கெதியா நிரம்பும், நிரம்பட்டும். கமராவைத் திருப்பிக் குடுத்த பிறகு றோ திறக்காட்டியும் குடுக்கிறதுக்குக் கையில ஒரு படம் இருக்கும்.

செக்கண்ட் கமராவுக்கு மட்டக்களப்பில இருந்தோ யாழ்ப்பாணத்தில இருந்தோ ஆள் எடுக்கிறீங்கள் எண்டா சம்பளம், சாப்பாடு, பஸ் காசு கதைக்கேக்கையே என்ன மொடல் எண்டும் கேளுங்கோ. கேட்டிட்டு விடாம, கல்யாணத்துக்கு ஒரு கிழமை முதலே அந்தக் கமராவில ஒரு றோ எடுத்து வட்ஸ்அப்பில டொக்கியூமென்டா அனுப்பச் சொல்லுங்கோ. ஃபோட்டோவா அனுப்பினா ஜேபெக்தான் வரும், ஒண்டும் விளங்காது. வந்த ஃபைலை ஆல்பம் செய்யப்போற அதே கொம்பியூட்டர்ல திறந்து பாருங்கோ.